எண்ணாகிப் போன முன்னோர்

செங்கம் வட்டாரத்து நடுகற்களை நோக்குவார்க்கு ஒரு செய்தி புலப்படும். ஆநிரை மீட்கப் பொருது வீழ்ந்த எளிய மறவனுக்கும், பல்லவ மன்னனின் ஆட்சியாண்டைக் குறித்து, அவன் இன்னான், இன்னார் சேவகன் என்று பெயர் பொறித்துக் கல் நாட்டியுள்ளனர். அதே தமிழகத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் முதல் உலகப்போரின் நினைவாகப் பதித்த சலவைக்கற்களும் உள. இவ்வூரினின்று போருக்குச் சென்றோர் இத்தனை பேர், உயிர் நீத்தோர் இத்தனை பேர் என்பதே அவற்றின் வாசகம். பெயர் இல்லை, எண் மட்டுமே உண்டு.

தலைநகரில் வாழும் நாம், பட்டாளத்துக்குப் போய் மீளாத முப்பாட்டனாரின் பெயரை இந்தியா கேட் சுவர்களில் தேடுவது இயல்பே. 1921-இல் அடிக்கல் நாட்டி 1931-இல் திறக்கப்பெற்ற அவ்வாயிலில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அப்போரில் மாண்ட இந்தியரோ 70,000-க்கும் மேற்பட்டோர். பொறிக்கப்பெற்றோர் பெரும்பாலும் வடமேற்கு எல்லையிலும் 1919-ஆம் ஆண்டின் ஆப்கானியப் போரிலும் மடிந்தவர்கள். இன்றைய ஈராக்காகிய மெசபொத்தேமியாவில் மறைந்த சென்னைச் சாப்பர் படையினரை ஈண்டுத் தேடிப் பயனில்லை. அவர்க்குரியது பஸ்ரா நினைவுச்சின்னம். 40,000-க்கும் மேற்பட்டோர்க்கென எழுப்பிய அச்சின்னத்தில் ஆங்கிலேயச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கோ படைப்பிரிவும் தொகையுமே கிட்டின. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை இத்தகைய வேற்றுமையை ஒப்புக்கொண்டது. நூறாண்டு கழித்து வந்த ஒப்புதல். வரவேற்கிறோம், வியந்து பாராட்டத்தான் மனம் வரவில்லை.

கல்லில் இல்லாத பெயர் ஏட்டில் இருக்கலாம். ஆணையத்தின் பதிவேடுகளில் படை எண், பதவி, பிரிவு, இறந்த நாள் ஆகியவற்றுடன், சிலர்க்குத் தந்தை பெயரும் ஊரும் காணப்படும். ஆனால் தேடலை வீட்டிலிருந்து தொடங்குவதே முறை. பாட்டியின் பெட்டியடியில் பழைய பதக்கம் கிடக்குமாயின், மன்னர் முகத்தை விடுத்து விளிம்பை நோக்குக. எண்ணும் பெயரும் பிரிவும் அங்கே வெட்டப்பட்டிருக்கும். போர்வீரர்க்கு வெள்ளியும், சுமையாளர் முதலிய உழைப்புப் படையினர்க்கு வெண்கலமும் வழங்கினர். வெள்ளி உருகிக் கொலுசாகிவிட்ட வீடுகளில் வேறு வழி தேடவேண்டியதுதான்.

பெயரிலும் இடர் உண்டு. குடும்பப் பெயர் வழக்கம் நம்மிடையே பெரும்பாலும் இல்லை. முத்துசாமிகளோ ஊருக்குப் பத்துப் பேர். எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு ஆங்கிலத்தில் எழுதிய பெயரை மீண்டும் தமிழாக்குங்கால் ழகரமும் ளகரமும் மயங்கும். ஆதலின் தந்தை பெயரும் ஊரும் பொருந்தாமல் எவரையும் நம்மவர் என உரிமை கொண்டாடலாகாது. பாட்டன் பெயரைத் தாங்குவோனே பேரன் என்னும் நம் வழக்கு, ஒரு பெயர் எத்தலைமுறையில் மீண்டும் தோன்றுகிறது என்று காட்டி ஓரளவு துணைபுரிகிறது.

இவ்வளவு முயற்சி எதற்கு என்று வினவுவாரும் உளர். நீத்தார் கடன் இயற்றும் இல்லங்களில் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என மூவர் பெயரைச் சொல்லவேண்டும். இறந்த திதியும் தெரிந்திருக்கவேண்டும். கடல் கடந்தவர் மாண்ட நாள் அறியாமையால் மகாளய அமாவாசையன்று பொதுவில் நீர் இறைத்த குடும்பங்கள் பல. ஏட்டில் நாள் கிடைத்துவிடின், பழைய பஞ்சாங்கத்தைக் கொண்டு திதியைக் கணித்துவிடலாம்.

இரண்டாம் போரில் அவ்வாய்ப்பும் வாய்க்காதோர் உளர். 1942, 43-ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைக்க, மலாயாத் தோட்டங்களினின்று தமிழரை ஜப்பானியர் கொண்டுசென்றனர். அங்கு மடிந்த போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. உடன் மடிந்த தமிழ்த் தொழிலாளர்க்கு அவ்வாறு பெயர் பொறித்த கல்லறை வரிசை இல்லை. அவர்தம் வழியினர்க்கு எஞ்சியது, வீட்டு முதியோர் நினைவில் தங்கிய பெயரும் அந்த அமாவாசையுமே.