மகிழுந்துப் பராமரிப்பு

மகிழுந்துப் பராமரிப்பு என்பது, கார் என்று பரவலாக வழங்கும் மகிழுந்தைப் பாதுகாப்பாகவும் பழுதின்றியும் இயங்கும் நிலையில் வைத்திருப்பதற்காகச் செய்யப்படும் சோதனை, தூய்மைப் பணி, உதிரிப்பாக மாற்று ஆகியவற்றைக் குறிக்கும். இப்பணிகள் இருவகைப்படும். டயரின் காற்றழுத்தம், எஞ்சின் எண்ணெயின் அளவு, குளிர்விப்பு நீரின் அளவு போன்றவற்றை உரிமையாளரே சில நிமிடங்களில் சோதிக்க இயலும். பிரேக், திசைமாற்றி, காற்றுப்பை போன்ற உயிர்காப்புப் பகுதிகளில் செய்யும் வேலைகள் பயிற்சி பெற்ற பணியாளருக்கு உரியவை. வழியில் ஊர்தி நின்றுபோவதற்கான காரணங்களுள் பல முதல் வகையைச் சேர்ந்தவை. அவை பெரும்பாலும் முன்னறிகுறி காட்டியே வருகின்றன.

வரலாற்றுப் பின்னணி

இந்தியாவில் 1980கள் வரை அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் உருவாக்கப்பட்ட இசுடாண்டர்டு எரால்டு போன்ற சில மகிழுந்துகளே சாலைகளில் மிகுதியாகக் காணப்பட்டன. இவற்றின் எஞ்சின் அமைப்பு எளிமையானது. கார்புரேட்டரைத் துடைப்பது, பிளக்கின் இடைவெளியைச் சரிசெய்வது, மின்விசிறிப் பட்டையை மாற்றுவது முதலியவற்றை ஓட்டுநர்களே சாலையோரத்தில் செய்துகொண்டனர். 1983 திசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி உமிழ்வு விதிகள் கடுமையானபோது கார்புரேட்டர் மறைந்து, கணினியால் கட்டுப்படுத்தப்படும் எரிபொருள் உட்செலுத்தல் முறை வந்தது. பாரத் நிலை 4 விதிகள் 2017 ஏப்ரலிலும், பாரத் நிலை 6 விதிகள் 2020 ஏப்ரலிலும் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. அம்பாசிடர், மாருதி 800 ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2014இல் நின்றது.

இம்மாற்றத்தால் உரிமையாளர் செய்யக்கூடிய பழுதுபார்ப்பு குறைந்தது. ஆனால் சோதனைகள் குறையவில்லை. காற்று, எண்ணெய், நீர், மின்கலம் ஆகிய நான்கும் இன்றைய எஞ்சினிலும் முன்புபோலவே கவனிக்கப்பட வேண்டியவை.

தமிழ்நாட்டுச் சூழல்

ஒவ்வொரு மகிழுந்துடனும் வரும் கையேட்டில் பராமரிப்புக் கால அட்டவணை தரப்படுகிறது. கடும் வெப்பம், தூசி, நெரிசலில் மெல்ல ஊர்தல், குறுந்தொலைவு ஓட்டம் ஆகியவற்றைப் பல கையேடுகள் 'கடுமையான பயன்பாடு' என்று வகைப்படுத்தி, அதற்கெனக் குறுகிய இடைவெளியைப் பரிந்துரைக்கின்றன. தமிழ்நாட்டு நகரங்களில் ஓடும் ஊர்திகள் பெரும்பாலும் இவ்வகையில் அடங்கும்.

நீண்ட நெடுஞ்சாலைப் பயணம் வேறுவகைச் சுமையைத் தருகிறது. சென்னையிலிருந்து திருப்பெரும்புதூர், காஞ்சிபுரம் பகுதி, தாமல், வாலாசாபேட்டை வழியே பெங்களூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 48 இதற்கு எடுத்துக்காட்டு. 2010இல் எண் மாற்றப்படுவதற்கு முன் இதில் சென்னைக்கும் வாலாசாபேட்டைக்கும் இடைப்பட்ட பகுதி தேசிய நெடுஞ்சாலை 4இன் பகுதியாக இருந்தது. வார நாட்களில் தறி, கோயில், கடைத்தெரு என்று ஊருக்குள் மெதுவாக ஓடிய ஊர்தி, அக்கினி நட்சத்திர வெயிலில் முழுக் குடும்பத்துடனும் சுமையுடனும் இச்சாலையில் பல மணி நேரம் விரைவாக ஓடும்போதுதான் டயரிலும் குளிர்விப்பு அமைப்பிலும் உள்ள குறைகள் வெளிப்படுகின்றன. எனவே சோதனைகள் பயணத்திற்கு முன் வீட்டிலேயே செய்யப்பட வேண்டும்.

உரிமையாளர் செய்யக்கூடிய சோதனைகள்

டயர்

உரிய காற்றழுத்தம் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ ஒட்டப்பட்டிருக்கும். டயரின் பக்கச்சுவரில் காணப்படும் அழுத்தம் அதன் உச்சவரம்பே அன்றிப் பரிந்துரைக்கப்பட்ட அளவு அன்று. சோதனையை டயர் குளிர்ந்திருக்கும்போது செய்ய வேண்டும். வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர்ந்தால் அழுத்தம் 1 முதல் 2 பி.எஸ்.ஐ. வரை கூடும், இவ்வுயர்வு உற்பத்தியாளரால் முன்னரே கணக்கிடப்பட்டுள்ளது.

கோடையில் டயர் வெடித்துவிடும் என்று அஞ்சிக் காற்றைக் குறைக்கும் வழக்கம் பலரிடம் உள்ளது. இது ஆபத்தானது. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாக வளைந்து நிமிர்கிறது. அவ்வளைவினால் உள்ளே வெப்பம் பெருகி, இரப்பரும் அதனுள் உள்ள இழைகளும் பிரிகின்றன. நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று.

டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளத்தினுள் உள்ள சிறு மேடுகள் டயரின் மேற்பரப்புக்குச் சமமாகிவிட்டால் அவ்வெல்லை எட்டப்பட்டது என்று பொருள். பக்கச்சுவரில் உள்ள நான்கிலக்க எண் தயாரிக்கப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பக்கச்சுவரில் ஏற்பட்ட கிழிசலையோ வீக்கத்தையோ ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய இயலாது. அந்த டயரை மாற்ற வேண்டும். மாற்றுச் சக்கரத்தின் காற்றையும் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

எஞ்சின் எண்ணெய்

ஊர்தியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து அளவுகோலை வெளியே எடுத்துத் துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் இரு குறிகளுக்கு இடையில் இருக்க வேண்டும். மேற்குறிக்கு மேல் ஊற்றுவதும் தீங்கானது. எண்ணெய் கறுத்திருப்பது மட்டுமே அது கெட்டுவிட்டதன் அறிகுறி அன்று. அழுக்கைத் தாங்கி வைத்திருப்பதும் அதன் பணியே. பாலேடு போன்ற நிறம் தென்பட்டால் எண்ணெயில் நீர் கலந்திருக்கக்கூடும். அந்நிலையில் பணிமனையை அணுக வேண்டும். 5டபிள்யூ-30 போன்ற தரக்குறியீட்டைக் கையேட்டில் உள்ளவாறே தெரிவு செய்ய வேண்டும்.

குளிர்விப்பு அமைப்பு

இயங்கும் எஞ்சினில் குளிர்விப்பு நீர்மம் ஏறத்தாழ 90 பாகை செல்சியசு வெப்பநிலையில் சுற்றிவருகிறது. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தக்கவைப்பதால் அந்நீர்மம் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூடான நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் திடீரெனக் குறைந்து, நீர்மம் ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் சுட்டுவிடும்.

வெப்பமானியின் முள் சிவப்புப் பகுதியை நெருங்கினால், ஊர்தியைச் சாலையோரம் நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட்ட பின்னரே நீர்மத்தின் அளவைப் பார்க்க வேண்டும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசலடையக்கூடும்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் ரேடியேட்டரின் குறுங்குழாய்களில் படிந்து அடைப்பை உண்டாக்குகின்றன. எனவே குழாய் நீருக்கு மாறாக, உற்பத்தியாளர் குறிப்பிட்ட கூலன்ட் கலவையையே பயன்படுத்த வேண்டும். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சாகும். குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாதவாறு அதனை வைக்க வேண்டும்.

பேட்டரி

மகிழுந்துகளில் வழக்கமாக உள்ளது 12 வோல்ட்டு ஈய அமில மின்கலம். முழுவதும் மின்னேற்றப்பட்ட பேட்டரி ஓய்வுநிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டு காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட்டு வரை இருக்கும். விலை குறைந்த மல்டிமீட்டரைக் கொண்டே இதனை அளக்கலாம். ஓடும்போதும் அளவு உயராவிட்டால் பழுது ஆல்டர்னேட்டரிலோ அதன் இணைப்பிலோ இருக்கக்கூடும். 2020 மார்ச்சு 25 அன்று தொடங்கிய நாடு தழுவிய ஊரடங்கின்போது வாரக்கணக்கில் ஓடாமல் நின்ற ஊர்திகள் பலவற்றின் பேட்டரிகள் செயலிழந்தன. நெடுநாள் நிறுத்தி வைப்பவர்கள் எதிர்முனை இணைப்பைக் கழற்றி வைக்கலாம்.

பிறிதோர் ஊர்தியின் துணையுடன் எஞ்சினைத் தொடக்கும்போது கம்பிகளைப் பின்வரும் வரிசையில் இணைக்க வேண்டும்:

1. சிவப்புக் கம்பியின் ஒரு முனையைச் செயலிழந்த பேட்டரியின் நேர்முனையில் இணைத்தல்.
2. அதன் மறுமுனையை நல்ல பேட்டரியின் நேர்முனையில் இணைத்தல்.
3. கறுப்புக் கம்பியின் ஒரு முனையை நல்ல பேட்டரியின் எதிர்முனையில் இணைத்தல்.
4. அதன் மறுமுனையைச் செயலிழந்த ஊர்தியின் எஞ்சினில் வண்ணம் பூசப்படாத உலோகப் பகுதியில் இணைத்தல்.

பேட்டரியிலிருந்து ஐதரசன் வளி வெளியேறக்கூடும். இறுதி இணைப்பில் எழும் தீப்பொறி அதற்கு அருகில் நிகழாமல் இருப்பதற்காகவே நான்காம் படி இவ்வாறு அமைந்துள்ளது.

எச்சரிக்கை விளக்குகள்

பொதுவாகச் சிவப்பு விளக்கு உடனே நிறுத்த வேண்டும் என்பதையும், மஞ்சள் விளக்கு விரைவில் கவனிக்க வேண்டும் என்பதையும் உணர்த்தும். ஓடும்போது எண்ணெய்க் குடுவை வடிவிலான சிவப்பு விளக்கு எரிந்தால் எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் இல்லை என்று பொருள். அடுத்த ஊர் வரை ஓட்டிச் சென்று பார்க்கலாம் என்று தொடர்ந்தால் சில நிமிடங்களில் எஞ்சின் முற்றிலும் பழுதாகலாம். மஞ்சள் நிற எஞ்சின் விளக்கின் காரணத்தை, திசைமாற்றிக்குக் கீழே உள்ள ஓபிடி இணைப்பில் பொருத்தும் சிறு கருவியால் அறியலாம். அக்கருவி தரும் குறியீடு பழுதுள்ள சுற்றைக் காட்டுமே தவிர, மாற்ற வேண்டிய பாகத்தை உறுதியாகக் கூறாது.

வெள்ளத்தில் மூழ்கிய ஊர்தி

2015 திசம்பர் வெள்ளத்திலும், 2023 திசம்பரில் மிச்சாங் புயலின்போதும் சென்னையிலும் சுற்றுப்பகுதிகளிலும் ஏராளமான மகிழுந்துகள் நீரில் மூழ்கின. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, வேளச்சேரி மேம்பாலத்தின் மீது மக்கள் தம் மகிழுந்துகளை வரிசையாக நிறுத்தி வைத்தனர்.

நீரில் நின்ற ஊர்தியின் எஞ்சினைத் தொடக்கக் கூடாது. உருளைக்குள் புகுந்த நீரைக் காற்றைப் போல அழுத்திச் சுருக்க இயலாது. தொடக்கும்போது உந்துதண்டு அந்நீரில் மோதி, இணைப்புத்தண்டு வளையவோ உடையவோ நேரும். நீர் வடிந்த பின் பாதுகாப்பாக அணுக முடிந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஒளிப்படம் எடுத்துக்கொண்டு, காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவித்து, இழுவை ஊர்தி மூலம் பணிமனைக்கு அனுப்ப வேண்டும். மூழ்கிய ஊர்தியைத் தொடக்கியதால் எஞ்சினுக்கு ஏற்படும் சேதத்தை அடிப்படைக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. இதற்கென எஞ்சின் பாதுகாப்புக் கூடுதல் காப்பீடு உள்ளது.

எலித்தொல்லை

நிறுத்தி வைத்த ஊர்தியின் எஞ்சின் அறையில் எலிகள் புகுந்து மின்கம்பிகளைக் கடிப்பது தமிழ்நாட்டில் பரவலான சிக்கலாகும். புகையிலை வைப்பது, மணமுள்ள தெளிப்பான்கள் அடிப்பது முதலியவை வழக்கில் உள்ளன. ஆயினும் அவை உறுதியான காப்பு அல்ல. ஊர்தியினுள் உணவுத் துணுக்குகளை விடாமை, குப்பைக்கு அருகில் நிறுத்தாமை, சில நாட்களுக்கு ஒருமுறை முன்மூடியைத் திறந்து பார்த்தல் ஆகியவை பயனுள்ளவை. கடிபட்ட கம்பியை வெறும் ஒட்டுநாடாவால் சுற்றி விடுவது மின்கசிவுக்கும் தீக்கும் வழிவகுக்கும்.

பணிமனைக்கு உரியவை

* பிரேக் பாகங்களைக் கழற்றுதல். டாட் 3, டாட் 4 வகைப் பிரேக் நீர்மம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்ப்பதால் வழக்கமாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது.
* காற்றுப்பை, இருக்கைப்பட்டை தொடர்பான வேலைகள்.
* குளிர்பதன வளியை நிரப்புதல்.
* கலப்பின, மின்சார ஊர்திகளின் உயர்மின்னழுத்தப் பகுதிகள். இவற்றின் கம்பிகள் பொதுவாகச் செம்மஞ்சள் உறையுடன் இருக்கும்.

சக்கரம் மாற்றப் பயன்படும் சாக்கி என்னும் தூக்கியை மட்டும் நம்பி ஊர்தியின் அடியில் ஒருபோதும் நுழையக் கூடாது. அது சரிந்தால் தப்ப வழியில்லை. அடியில் வேலை செய்யத் தனித் தாங்கிகள் தேவை.

நெடுஞ்சாலையில் ஊர்தி நின்றால்

நான்கு திசைகாட்டி விளக்குகளையும் ஒளிரவிட்டு, ஊர்தியை இயன்றவரை இடப்புற ஓரத்திற்குக் கொண்டுவர வேண்டும். எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்புறம் குறைந்தது 50 மீட்டர் தொலைவில் வைக்க வேண்டும். பயணிகள் ஊர்திக்குள் அமராமல் சாலைத் தடுப்புக்கு அப்பால் நிற்பது பாதுகாப்பானது. தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற எண்ணில் உதவி கோரலாம்.

கழிவுகள்

பயன்படுத்திய எஞ்சின் எண்ணெய் தீங்குள்ள கழிவு எனச் சட்டப்படி வகைப்படுத்தப்பட்டுள்ளது. அதனைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. தாமல் போன்ற ஏரிப்பாசன ஊர்களில் சாலையோர வடிகால்களின் நீர் ஏரிக்கும் வயலுக்கும் சென்று சேரும் வாய்ப்புள்ளதால் இக்கவனம் மிகவும் தேவை. எண்ணெயைத் தாமே மாற்றுவோர் பழைய எண்ணெயை மூடிய கலத்தில் சேர்த்து, முறையாகத் திரட்டும் பணிமனையில் ஒப்படைக்கலாம். பழைய பேட்டரியில் ஈயமும் கந்தக அமிலமும் உள்ளன. புதியது வாங்கும் கடையிலேயே அதனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* ஈய அமில மின்கலம்
* அம்பாசிடர் மகிழுந்து
* தேசிய நெடுஞ்சாலை 48