மோல் வந்த வழி

வேதியியல் பயிலும் நம் இளைஞரிடையே 'மோல்' என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே மனம் தளர்வோர் பலர். அவர்கள் அறிவிற் குறைந்தவர் அல்லர். அச்சொல் எதன்பொருட்டுப் பிறந்தது என்பதை அவர்களுக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை. வாய்பாடு மட்டுமே கையில் தரப்பட்டது. வாய்பாட்டை மனப்பாடம் செய்தவர், வினாவைச் சற்று மாற்றிக் கேட்டால் திகைப்பர். அதன் காரணத்தை அறிந்தவர் திகையார். ஆதலின் இவ்வெள்ளி விழா மலரில் அவ்வரலாற்றைச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

வட இங்கிலாந்தில் ஒரு நெசவாளரின் மகனாக 1766-இல் பிறந்தவர் ஜான் டால்டன். அவர் குவேக்கர் சமயப் பிரிவினர். அந்நாளில் அரசத் திருச்சபையைச் சாராதவர்க்கு ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் கதவுகள் அடைபட்டிருந்தன. பன்னிரண்டாம் வயதிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கிய அவரே, ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் தனித்ததோர் எடை உண்டெனக் கண்டு, 1803-இல் அணு எடைகளை வரிசைப்படுத்தினார். ஆயினும் நீரில் ஹைட்ரஜன் அணு ஒன்றும் ஆக்சிஜன் அணு ஒன்றுமே உள்ளன என அவர் கொண்டார். அதனால், ஹைட்ரஜனை 1 எனக் கொண்டால் 16 ஆக வேண்டிய ஆக்சிஜனின் அணு எடையை, 1808-இல் வெளியிட்ட நூலில் 7 எனக் குறித்தார்.

அதே 1808-இல் பிரான்சு நாட்டின் கே-லுசாக், இரண்டு பங்கு கன அளவு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்து இரண்டு பங்கு நீராவி ஆவதைக் காட்டினார். இதன் உட்பொருளை 1811-இல் விளக்கியவர் இத்தாலியின் அவகாட்ரோ. சட்டம் பயின்று பின்னர் இயற்பியலுக்கு வந்த ஆசிரியர் அவர். ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும் சம கன அளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமமே என்றார் அவர். அவ்வாறாயின் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து இரண்டு நீர் மூலக்கூறுகள் உண்டாகின்றன. ஆகவே ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டாகப் பிரியக் கூடியதாதல் வேண்டும்.

இதனை அறிஞர் உலகம் ஏற்கவில்லை. ஒரே தனிமத்தின் அணுக்கள் தமக்குள் இணையா என்பதே அக்காலத்துப் பெரியோரின் துணிபு. அவகாட்ரோ 1856-இல் மறைந்தார். அவர் கருத்துக்கு அதுவரை உரிய மதிப்புக் கிட்டவில்லை. 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலார் கூடினர். ஒரே பொருளுக்குப் பலர் பல வாய்பாடுகள் எழுதி வந்த குழப்பமே அவர்களைக் கூட்டியது. அங்கே சிசிலியைச் சேர்ந்த கன்னிசாரோ, அவகாட்ரோவின் வழியில் அணு எடைகளைச் சீராகக் கணிக்கலாம் என வாதிட்டார்; அவருடைய சிறு நூலும் அங்கு வழங்கப்பட்டது. அதன் பின்னரே தெளிவு பிறந்தது. அக்கூட்டத்தில் இருந்த மெண்டலீவ் 1869-இல் தனிம அட்டவணையை அமைத்தார்.

இனி மோலுக்கு வருவோம். மூட்டை நெல்லை எவரும் மணி மணியாக எண்ணுவதில்லை. ஒரு மணியின் எடை தெரிந்தால், மூட்டையின் எடையிலிருந்தே எண்ணிக்கையைக் கணக்கிடலாம். ஆக்சிஜன் அணு ஹைட்ரஜன் அணுவைப்போல் ஏறத்தாழ 16 மடங்கு எடையுள்ளது. ஆகவே 1 கிராம் ஹைட்ரஜனிலும் 16 கிராம் ஆக்சிஜனிலும் உள்ள அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. அந்த எண்ணிக்கையுள்ள தொகுதியே ஒரு மோல். அது 6.022 × 10²³. அதாவது 6022-க்குப் பின் இருபது சுழியங்கள்.

ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்து வியன்னாவில் பள்ளி ஆசிரியராயிருந்த லோஷ்மிட், 1865-இல் மூலக்கூறின் அளவை முதன்முதலாக மதிப்பிட்டு இவ்வெண்ணை அறிய வழி திறந்தார். பெரின் தம் சோதனைகளால் அதனை உறுதி செய்து, 1909-இல் அவகாட்ரோவின் பெயரை அதற்குச் சூட்டினார். 'மோல்' என்ற சொல்லை வழங்கிய ஆஸ்ட்வால்டோ அணு உண்டென்பதையே நெடுங்காலம் ஐயுற்றவர். சான்றுகள் வந்ததும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 1971-இல் மோல் அனைத்துலக அடிப்படை அலகுகளுள் ஒன்றாயிற்று. 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ என்னும் எண்ணே அதன் வரையறை.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். 3 கிராம் கார்பன் முற்றிலும் எரிந்தால் எத்தனை கிராம் கார்பன்-டை-ஆக்சைடு உண்டாகும்? கார்பனின் அணு எடை 12. ஆகவே 3-ஐ 12-ஆல் வகுக்க, கால் மோல். ஒரு கார்பன் அணுவுக்கு ஒரு கார்பன்-டை-ஆக்சைடு மூலக்கூறு. எனவே அதுவும் கால் மோல். அதன் மூலக்கூறு எடை 12 + 32 = 44. அதில் கால் பங்கு 11 கிராம். எடையை மோலாக்குக, மோலை மோலோடு ஒப்பிடுக, மீண்டும் எடையாக்குக. எந்தக் கணக்கிற்கும் இம்மூன்று படிகளே.

அவகாட்ரோவின் கூற்று அவையேற நாற்பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. பெரும் அறிஞர்களையே இத்துணைக் காலம் தடுமாற வைத்த ஒன்று, ஒரு வகுப்பு நேரத்தில் ஒரு மாணவனுக்கோ மாணவிக்கோ விளங்கவில்லை எனில், அதில் நாணுவதற்கு ஏதுமில்லை. 'ஏன்?' என்று ஆசிரியரிடம் மறுமுறையும் கேளுங்கள். அவ்வினாவைக் கேட்கத் தயங்காத தலைமுறையைக் காண்பதே எம் விருப்பம்.