மிதிவண்டி வழித் திட்டமிடல்

மிதிவண்டி வழித் திட்டமிடல் என்பது, மிதிவண்டியில் நெடுந்தொலைவு செல்பவர் தாம் செல்லவேண்டிய சாலைகள், கடக்கவேண்டிய பாலங்கள், புறப்படும் நேரம் ஆகியவற்றை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வதாகும். போக்குவரத்து மிகுந்த பெருநகர்ப் பகுதியை ஊடறுத்துச் செல்லும்போது இதன் தேவை பன்மடங்கு கூடுகிறது.

சிறுநகரமும் பெருநகரமும்

தென்காசியிலிருந்து ஐந்தருவிக்குச் செல்லும் ஏறத்தாழ 10 கி.மீ. பயணத்திற்குத் திட்டம் என்று பெரிதாக ஒன்றும் வேண்டியதில்லை. குற்றாலம் வரை சென்று, அங்கிருந்து பிரியும் ஐந்தருவிச் சாலையைப் பிடித்தால் போதுமானது. சாரல் காலத்தில் சுற்றுலா ஊர்திகளால் அச்சாலை நெரிசலுற்றாலும், மிதிவண்டியில் செல்பவர் மாற்றிக்கொள்ள வேண்டியது பெரும்பாலும் நேரத்தை மட்டுமே. பெருநகரிலோ வழியையே தேடவேண்டியுள்ளது. சாலைகள் எண்ணற்றவையாக இருப்பினும், ஆறுகளையும் கால்வாய்களையும் இருப்புப்பாதைகளையும் கடக்கும் இடங்கள் மிகச் சிலவே. எனவே பெருநகர் வழியைத் தீர்மானிப்பவை சாலைகளைக் காட்டிலும் பாலங்களே எனலாம்.

சென்னை: திருவொற்றியூர் - மாமல்லபுரம்

சென்னைப் பெருநகரை வடக்குத் தெற்காகக் கடக்கும் கரையோர வழி இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். இதன் நீளம் ஏறத்தாழ 65 கி.மீ. திருவொற்றியூரிலிருந்து இராயபுரம், இராசாசி சாலை வழியாகத் தெற்கே வருபவர் கூவம் ஆற்றை நேப்பியர் பாலத்தில் (1869) கடந்து காமராசர் சாலையை அடைகிறார். பின்னர் சாந்தோம் வழியாகச் சென்று, அடையாற்றைத் திரு. வி. க. பாலத்தில் கடந்து, திருவான்மியூரில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிக்கிறார். வடபகுதியில் துறைமுகத்திற்குச் செல்லும் கொள்கலன் சரக்குந்துகளே பேரிடர். அவற்றின் ஓட்டுநருக்கு இடப்புறம் ஒட்டி வரும் மிதிவண்டி எளிதில் தெரிவதில்லை. ஆதலால் அவற்றின் இடப்பக்க இடுக்கில் நுழைந்து முந்துவதை அறவே தவிர்க்க வேண்டும்.

நிலப்படத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றம் நேரக்கூடும். அடையாற்று முகத்துவாரத்தில், பட்டினப்பாக்கத்திற்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஒரு பாலம் உண்டு. 1970களில் ஆற்று வெள்ளத்தில் இடிந்த அது இன்று 'உடைந்த பாலம்' என்றே அழைக்கப்படுகிறது. அது நிலைத்திருந்தால் கரையோர வழி நேராக இருந்திருக்கும்.

தெற்கே பக்கிங்காம் கால்வாய், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இராசீவ் காந்தி சாலைக்கும் இடையே ஓடுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாற நினைப்பவருக்குச் சோழிங்கநல்லூர், கேளம்பாக்கம் போன்ற சில இடங்களே வாய்க்கின்றன. எச்சாலையில் செல்வது என்பதைத் திருவான்மியூருக்கு முன்னரே முடிவு செய்துவிடுதல் நன்று. 2020களில் மெட்ரோ தொடருந்தின் இரண்டாம் கட்டப் பணிகள் இராசீவ் காந்தி சாலையில் ஊர்திகளுக்கான இடத்தைப் பெரிதும் சுருக்கின.

உட்பகுதி வழிகள்

பெருங்களத்தூரையும் புழலையும் இணைக்கும் 32 கி.மீ. புறவழிச்சாலை நிலப்படத்தில் மிக எளிய வழியாகத் தோன்றும். ஆனால் அது விரைவு ஊர்திகளுக்கென அமைந்தது. 2008 இல் திறக்கப்பட்ட கத்திப்பாரா மேம்பாலத்திலும் இதே சிக்கல் உண்டு. அதன் வளைவுகளில் பிற ஊர்திகள் விரைவு குறையாமல் வந்து இணைவதால், நடுவில் சிக்கிய மிதிவண்டிக்கு ஒதுங்க இடமில்லை. கீழ்ச்சாலை சுற்றானாலும் அதுவே ஏற்றது. அம்பத்தூரில் 1949 முதல் மிதிவண்டித் தொழிற்சாலை கண்ட ஒரு நகரில் மிதிவண்டிக்கெனத் தொடர்ச்சியான தடம் இன்றளவும் அமையாதது வியப்பே. நடப்போருக்கும் மிதிவண்டியாளருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014 இல் ஏற்றுக்கொண்டது.

காலமும் காற்றும்

கோடையில் முற்பகலுக்குப் பின் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வீசும். அப்போது தெற்கு நோக்கி மிதிப்பது கடினம். விடியலுக்கு முன் புறப்பட்டால் காற்றும் நெரிசலும் வெயிலும் ஒருங்கே தவிர்க்கப்படும். மணிக்கு 15 கி.மீ. விரைவில், ஓய்வு நீங்கலாக, மேற்கூறிய வழிக்கு ஏறத்தாழ நான்கு மணி இருபது நிமிடம் ஆகும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் துரைசாமி, அரங்கநாதன், கணேசபுரம் முதலிய சுரங்கப்பாதைகளில் நீர் தேங்குவது வழக்கம். தேங்கிய நீரின் ஆழமும் அடியிலுள்ள குழியும் மேலிருந்து தெரியா. 2015 திசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருக்கெடுத்தபோது சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. நகரின் தென்பகுதிக்குச் செல்வது பெரும்பாடாயிற்று. எனவே ஒவ்வோர் ஆற்றிற்கும் மாற்றுப் பாலம் ஒன்றைக் குறித்து வைத்திருப்பது திட்டமிடலின் இன்றியமையாக் கூறாகும்.

கணினி வழித் திட்டமிடல்

மிகக் குறுகிய வழியைக் கண்டறியும் முறையொன்றை எட்சர் டைக்சுட்ரா 1959 இல் வெளியிட்டார். இன்றைய வழிகாட்டி மென்பொருள்கள் பலவும் இத்தகைய முறைகளையே வளர்த்துப் பயன்படுத்துகின்றன. இவற்றில் ஒவ்வொரு சாலைத் துண்டிற்கும் ஒரு 'செலவு' குறிக்கப்படும். தொலைவை மட்டும் செலவாகக் கொண்டால் மென்பொருள் மேம்பாலத்தின் மீதே அனுப்பும். ஏற்றம், ஊர்தி விரைவு, சாலையின் அகலம் ஆகியவற்றையும் சேர்த்தால் விடை மாறும். 2004 இல் தொடங்கிய ஓப்பன்சுட்ரீட்மேப் திட்டத்தில் இவ்விவரங்களைத் தன்னார்வலர்களே பதிவு செய்கின்றனர். ஒரு தெருவின் ஒருவழி விதியோ பாலத்தின் மூடலோ பதிவாகாவிடில், மென்பொருள் அதனை அறியாது. ஆதலால் அண்மையில் அவ்வழியே சென்றவரிடம் கேட்டறிவதும், கடினமான பகுதியை முன்னதாக ஒரு ஞாயிறு காலையில் ஓட்டிப் பார்ப்பதும் நடைமுறையில் உள்ளன.