ஏழைக்கும் இடம் தந்த திருச்சபை: ஃப்ரீ மெதடிஸ்ட் சபையின் வரலாறு

அமெரிக்காவில் குதிரைமேல் ஊர் ஊராகச் சென்ற போதகர்களால் வளர்ந்தது மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபை. 1850களில் அங்கே செல்வம் சேர்ந்தது. நியூயார்க் மாநிலத்தின் மேற்கிலிருந்த ஜெனசீ கான்பரன்ஸ் என்னும் வட்டார மன்றத்தின் ஆலயங்கள் சிலவற்றில் இருக்கைகள் விலைக்கும் வாடகைக்கும் விடப்பட்டன. காசில்லாத விசுவாசிக்குத் தேவனுடைய வீட்டில் உரிய இடம் இல்லாமற்போனது. முழுப் பரிசுத்தத்தைப் பற்றிய பிரசங்கமும் குறைந்தது.

இதைக் கண்டு மனம் பொறாதவர் நம் ஸ்தாபகர் பெஞ்சமின் டைட்டஸ் ராபர்ட்ஸ். இந்நிலையைப் பற்றி 1857இல் அவர் எழுதிய கட்டுரைக்காகக் கான்பரன்ஸ் அவரைக் கண்டித்தது. 1858இல் பெரி என்னும் ஊரில் கூடியபோது அவரையும் சக போதகர் ஜோசப் மெக்கிரீரியையும் சபையிலிருந்தே நீக்கியது. 1860 மே மாதம் பஃபலோவில் கூடிய அச்சபையின் மாமன்றம் ராபர்ட்ஸின் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. பஃபலோவில் இலவச இருக்கைகள் கொண்ட ஆலயம் அமையத் தம் வீட்டையே விற்றுக் கொடுத்தவர் அவர். துணைவியார் எல்லன் அம்மையார் அந்தப் பாடுகள் அனைத்திலும் உடன் நின்றார்.

1860 ஆகஸ்ட் 23 அன்று நியூயார்க் மாநிலத்தின் பெக்கின் என்னும் ஊரில் நம் ஃப்ரீ மெதடிஸ்ட் சபை அமைக்கப்பட்டது. ராபர்ட்ஸ் முதல் பொதுக் கண்காணிப்பாளரானார். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தைய அந்த நாளிலேயே அடிமைமுறை பாவம் என்று நம் சபை அறிவித்தது. ஆலய இருக்கைகள் எல்லாருக்கும் பொதுவாயின. இரகசியச் சங்கங்களில் சேர்வது விலக்கப்பட்டது. மது, புகையிலை, ஆடம்பர உடை ஆகியவற்றையும் நம் முன்னோர் விட்டொழித்தனர். ஆராதனையில் இசைக்கருவியின்றிச் சபையார் அனைவரும் சேர்ந்து பாடினர்.

இவற்றுக்கெல்லாம் வேர் நம் உபதேசம். விசுவாசத்தினால் நீதிமானாக்கப்பட்டு மறுபடியும் பிறந்தவனைப் பரிசுத்த ஆவியானவர் உள்ளான பாவத்திலிருந்து சுத்திகரித்து, பூரண அன்பினால் நிரப்புகிறார் என்பதே மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி போதித்த முழுப் பரிசுத்தம்.

1866இல் நியூயார்க் மாநிலத்தின் நார்த் சைலை என்னும் ஊரில் ராபர்ட்ஸ் கல்விக்கூடம் நிறுவினார். 1873இல் ஸ்பிரிங் ஆர்பரிலும் 1891இல் சியாட்டிலிலும் பள்ளிகள் எழுந்தன. அவை இன்று பல்கலைக்கழகங்கள்.

1881இல் எர்னஸ்ட் வார்டும் மனைவி ஃபீபியும் நம் முதல் மிஷனரிகளாக இந்தியா வந்தனர். பின்னர் யவத்மால் நம் ஊழிய மையமாயிற்று. சமூகச் சீர்திருத்தவாதி பண்டித ரமாபாயின் மகள் மனோரமா நார்த் சைலையில் நம் கல்விக்கூடத்தில் பயின்றவர்.

பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம் வேண்டும் என்று ராபர்ட்ஸ் 1891இல் நூல் எழுதினார். 1893இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். 1910இல் ஜெனசீ கான்பரன்ஸ் தன் தவற்றை ஒப்புக்கொண்டு, பறித்த ஊழியச் சான்றுகளை அவர் மகனிடம் திருப்பிக் கொடுத்தது. 1974இல் பெண்களுக்கு முழு அபிஷேகம் வழங்க நம் மாமன்றம் தீர்மானித்தது. நீக்கப்பட்டவர்கள் பாடுபட்டுக் காத்த சத்தியத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வரக் கிருபை அளித்த தேவனுக்கே மகிமை உண்டாவதாக.