காரின் காற்றுப் பெட்டி: மாற்றும் முன்னும், மாற்றிய பின்னும்

பொனெற்றைத் திறந்தால் ஒரு மூலையில் கறுப்புப் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று இருக்கும். அதிலிருந்து மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய் ஒன்று எஞ்சினுக்குப் போகும். பெட்டிக்குள் இருப்பது எயார் பில்டர். எங்கள் பிள்ளைகள் முதல் காரை வாங்கியதும் கைவைக்கும் இடங்களில் சைலன்சருக்கு அடுத்தது இதுதான். அலுமினியக் குழாயும் கூம்பு வடிவப் பில்டரும் அடங்கிய பொதி ஒன்று இணையத்தில் வாங்கலாம். சனிக்கிழமை பின்னேரம் பூட்டிவிடலாம். காரும் நன்றாக உறுமும். திங்கட்கிழமை விடியற்காலை அதே காரில் அம்மா வேலைக்குப் போகும்போது மஞ்சள் எஞ்சின் விளக்கு எரியும்.

ஒரே காரில் ஓடும் குடும்பங்களுக்கு இது சிறிய விடயமல்ல. அதனால் அந்தப் பெட்டி என்ன செய்கிறது, அதை மாற்றினால் எங்கே பிழை வரும், வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை ஒழுங்காகப் பார்ப்போம்.

கம்பனி பூட்டிய பெட்டி

2 லீற்றர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும்போது, சிலிண்டர்கள் முழுதாக நிரம்புவதாக வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 6000 லீற்றர் காற்றை இழுக்கும். செக்கனுக்கு 100 லீற்றர். இவ்வளவு காற்றும் தூசியில்லாமல், குளிராக, மழைத் தண்ணீர் கலக்காமல், அதிக சத்தமில்லாமல் போகவேண்டும். அந்தப் பெட்டி செய்வது இந்த நான்கையும்தான்.

குளிர் என்பது முக்கியம். 25 பாகை செல்சியஸ் காற்றுக்குப் பதிலாக எஞ்சின் அறைக்குள் கிடக்கும் 55 பாகைக் காற்றை இழுத்தால், அதே கன அளவில் ஏறத்தாழ 9 வீதம் குறைவான காற்றே உள்ளே போகும். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றின் பெட்டி முன் கிறில்லுக்குப் பின்னாலோ மட்கார்ட்டுக்குள்ளோ இருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. அதாவது கடையில் 'கோல்ட் எயார்' என்று விற்பதை கம்பனி ஏற்கனவே பூட்டித்தான் தந்திருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, மறைப்புத் தகடு எதுவுமில்லாமல் எஞ்சினுக்குப் பக்கத்தில் கூம்புப் பில்டரைத் தொங்கவிட்டால், குளிர்காற்றைக் கொடுத்துச் சுடுகாற்றை வாங்கிய கதைதான். சிக்னலில் நின்று புறப்படும்போது கார் சோர்ந்து போவதை உணரலாம்.

குழாயின் பக்கத்தில் எங்கும் போகாத ஒரு பிளாஸ்ரிக் குடுவை ஒட்டியிருப்பதையும் பலர் பார்த்திருப்பீர்கள். அது வீண் இடமல்ல. காற்று உறிஞ்சப்படும் இரைச்சலைக் குறைக்க அளவெடுத்துச் செய்தது. அதை எடுத்தவுடன் வரும் உறுமலைத்தான் பலரும் வேகம் என்று நினைக்கிறார்கள்.

உண்மையில் வலு கூடுமா? டர்போ இல்லாத சாதாரண எஞ்சினில், நல்ல பொருளாக இருந்தால், மேல் சுற்றுகளில் ஒரு சில குதிரைவலு கூடலாம். நகருக்குள் ஓடும் சுற்றுகளில் வித்தியாசம் தெரியாது, சில கார்களில் இழுவை குறையவும் செய்யும். டர்போ கார்களில், கணினி மென்பொருளையும் சேர்த்து மாற்றும்போது பலன் கூட. சத்தத்துக்காக மாற்றுகிறேன் என்று மகன் நேரடியாகச் சொன்னால் அது நேர்மையான காரணம். எரிபொருள் மிச்சமாகும் என்று சொன்னால் நம்பவேண்டாம்.

காப்புறுதியும் சட்டமும்

இதை முதலே பார்த்துவிட வேண்டும், காசு கொடுத்த பிறகல்ல. ஜேர்மனியில் வீதிப் போக்குவரத்து அனுமதிச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, புகை அளவையோ சத்தத்தையோ மோசமாக்கும் மாற்றம் செய்தால் வாகனத்தின் பாவனை அனுமதியே அற்றுப்போகும். அந்தப் பாகத்துக்குப் பொது அனுமதிப் பத்திரமோ, 'தைல்குட்டாக்டன்' எனப்படும் சான்றறிக்கையோ இருக்கவேண்டும். சான்றறிக்கை என்றால் பூட்டிய பின் ரியூவ் போன்ற பரிசோதனை நிலையத்தில் காட்டிப் பதியவும் வேண்டும். சுவிசிலும் அனுமதிக்கு உட்பட்ட மாற்றங்களை கன்ரோனின் வீதிப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவித்துச் சோதிக்க வேண்டும்.

பிரித்தானியாவில் காப்புறுதி நிறுவனம் மாற்றங்களைப் பற்றிக் கேட்கும், அதற்கு உண்மை சொல்லவேண்டும். ஒன்ராறியோவின் வாகனக் காப்புறுதி ஒப்பந்தத்திலும், ஆபத்தின் அளவைப் பாதிக்கும் மாற்றத்தை உடனே அறிவிக்கவேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. எங்கள் வீடுகளில் இளம் பிள்ளையின் கார் பல நேரங்களில் அப்பாவின் பெயரில்தான் காப்புறுதி செய்யப்பட்டிருக்கும். அப்பாவுக்குத் தெரியாமல் மகன் செய்த மாற்றத்துக்கு, விபத்துக்குப் பிறகு வரும் கேள்விக் கடிதம் அப்பாவின் பெயருக்கே வரும். ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, சொன்ன திகதியை எழுதி வையுங்கள். எழுத்தில் பதில் கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது.

பூட்டும்போது

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள். பழைய கார்களில் ரேடியோ இரகசிய எண் கேட்கும், அதை முதலே தேடி வையுங்கள். ஒவ்வொரு குழாயையும் வயரையும் கழற்றுமுன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். இதைவிட உதவும் கருவி எதுவும் இல்லை.

பெட்டிக்கு அடுத்து, குழாயில், வயர் செருகிய சிறிய சென்சர் ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் காற்றோட்டத்தை அளக்கும் மாஃப் சென்சர். அதற்குள் தலைமயிர் போன்ற சூடான கம்பி ஒன்றோ மெல்லிய தகடு ஒன்றோ இருக்கும். போகும் காற்று அதைக் குளிர்விக்கும், அதைச் சூடாக வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதிலிருந்து கணினி காற்றைக் கணக்கிட்டு, அதற்கேற்றபடி பெற்றோலைத் தெளிக்கும். பெற்றோல் எஞ்சினுக்குச் சரியான விகிதம் நிறையில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெற்றோல். சில கார்களில் மாஃப் இல்லை. பதிலாக உள்ளெடுப்புக் கிளைக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் மாப் சென்சர் இருக்கும். இந்தக் கார்கள் குழாய் மாற்றத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தா.

மாஃப் உள்ள காரில் குழாயின் உள்விட்டம்தான் உயிர். சென்சர் அந்தக் குழாய்க்கு மட்டுமே அளவு திருத்தப்பட்டது. முன்பு 70 மில்லிமீற்றராக இருந்த இடத்தில் 76 மில்லிமீற்றர் குழாய் வைத்தால் பரப்பு ஏறத்தாழ 18 வீதம் கூடும். அதே காற்று மெதுவாகப் போகும், சென்சர் 15 வீதம் குறைவாகச் சொல்லும், கணினியும் பெற்றோலைக் குறைக்கும். மெதுவாக ஓடும்போது ஒட்சிசன் சென்சர் இதைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். ஆனால் பல கார்களில், காலை முழுதாக அழுத்தும்போது கணினி அந்தத் திருத்தத்துக்குக் காத்திராமல் எழுதிவைத்த அட்டவணைப்படி போகும். பெற்றோல் குறைந்த கலவையில் சிலிண்டர் சூடேறித் தட்டும் சத்தம் வரும். பிஸ்ரன் போவது இப்படித்தான். ஆகவே உங்கள் மொடலுக்கென்றே செய்த, மாஃப் இருக்கும் பகுதி பழைய விட்டத்திலேயே இருக்கும் பொருளை வாங்குங்கள். 'எல்லாக் காருக்கும் பொருந்தும்' என்று எழுதியிருந்தால் வேண்டாம்.

சென்சரை மாற்றும்போது கம்பியில் விரல் படக்கூடாது. உடலில் அம்புக்குறி இருக்கும், அது எஞ்சினை நோக்க வேண்டும். ரப்பர் வளையம் விழுந்துவிடாமல் பாருங்கள். எண்ணெய் பூசிய துணிப் பில்டர் என்றால் எண்ணெயை அளவோடு பூசுங்கள். மிதமிஞ்சினால் அது பறந்து கம்பியில் படிந்து சென்சரைக் குழப்பும். கழுவி மீண்டும் பாவிக்கலாம் என்பதற்காக ஈரத்தோடு பூட்டவும் கூடாது.

பில்டரைக் கீழே, பம்பருக்குப் பின்னால் இறக்கிப் பூட்டும் வகைகளும் உண்டு. குளிர்காற்று கிடைக்கும், உண்மைதான். ஆனால் வெள்ளம் நிற்கும் பாலத்தடியில் போனால் அது தண்ணீரைக் குடிக்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. கொன்றொட் வளைந்து எஞ்சினே முடிந்துவிடும். தண்ணீருக்குள் கார் நின்றுபோனால் மீண்டும் ஸ்ரார்ட் செய்து பார்க்கவே கூடாது, இழுத்துக்கொண்டுதான் போகவேண்டும்.

விளக்கு எரிந்தால்

விளக்கு நிலையாக எரிகிறதா, மின்னி மின்னி எரிகிறதா என்று முதலில் பாருங்கள். மின்னினால் சிலிண்டர் ஒன்று எரியாமல் பெற்றோலை அப்படியே சைலன்சருக்குள் தள்ளுகிறது. அது கற்றலிஸ்ரைச் சுட்டு அழிக்கும், புதிதாக மாற்றுவது பெரிய செலவு. காலை எடுத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். நிலையாக எரிந்து கார் ஒழுங்காக ஓடினால் வீடு வந்து சேரலாம்.

ஸ்ரியரிங்குக்குக் கீழே 16 முனை கொண்ட செருகி ஒன்று இருக்கும். அமெரிக்காவில் 1996, கனடாவில் 1998 மொடல்களில் இருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய பெற்றோல் கார்களில் 2001இல் இருந்தும் இது கட்டாயம். இதில் செருகும் மலிவான புளூடூத் வாசிப்பான் ஒன்று வீட்டில் இருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். பி0102 என்று வந்தால் மாஃப் வயரைச் செருக மறந்திருக்கிறீர்கள். பி0113 என்றால் காற்று வெப்பநிலைச் சென்சரின் வயர். பி0101 என்றால் மாஃப் சொல்லும் கணக்கு நம்பத்தக்கதாக இல்லை. பி0171 என்றால் கலவையில் பெற்றோல் போதாது. காற்றுக் குழாயில் கைவைத்த கார்களில் இந்தக் கடைசி எண்தான் கூடுதலாக வரும், எல்லோரும் குழம்புவதும் இதில்தான்.

குறியீட்டு எண் குற்றவாளியின் பெயரல்ல, முறைப்பாடு மட்டுமே. நண்பர் ஒருவரின் மகன் பி0171ஐப் பார்த்து முதலில் ஒட்சிசன் சென்சரை மாற்றினான், பிறகு மாஃபை மாற்றினான். விளக்கு போகவில்லை. பெற்றோல் பம்பும் மாற்றவேண்டும் என்று யாரோ சொன்ன பிறகுதான் என்னிடம் வந்தான்.

வாசிப்பானில் 'பியூவல் ட்ரிம்' என்ற எண்ணைப் பார்த்தோம். கணினி தன் கணக்குக்கு மேலாக எத்தனை வீதம் பெற்றோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதே அது. குறுங்காலம், நீண்டகாலம் என இரண்டு இருக்கும், இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பூச்சியத்துக்குக் கிட்ட, 5 வீதத்துக்குள் நின்றால் நல்லது. 10ஐத் தாண்டினால் தேடவேண்டும். அவனுடைய காரில் சும்மா நிற்கும்போது கூட்டல் 19, சுற்றை 2500க்கு ஏற்றியதும் கூட்டல் 6. இந்த வித்தியாசம்தான் துப்பு. நிற்கும்போது கூடி, சுற்று ஏற ஏறக் குறைந்தால், த்ரொட்டில் வால்வுக்குப் பின்னால் அளக்கப்படாத காற்று எங்கோ புகுகிறது. மறுதலையாக, சுற்றும் பாரமும் ஏற ஏற எண்ணும் கூடினால் மாஃப் குறைத்துச் சொல்கிறது அல்லது பெற்றோல் அழுத்தம் போதவில்லை. எல்லா நிலையிலும் ஒரேயளவில் நின்றால் மாஃபுக்கும் த்ரொட்டிலுக்கும் இடையிலுள்ள வெடிப்பையும், குழாயின் விட்டத்தையும் பாருங்கள்.

எஞ்சினின் மேல்மூடியைப் பார்த்தேன். அதிலிருந்து காற்றுக் குழாய்க்குப் போகவேண்டிய மூச்சுக்குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் பளபளக்கும் குட்டிப் பில்டர் ஒன்றைச் செருகியிருந்தான். புதுக் குழாயில் அதற்கென இருந்த துளையை ரப்பர் மூடியால் அடைத்திருந்தான். பார்க்க அழகுதான். ஆனால் அந்த மூச்சுக்குழாய் வழியாகப் போகும் காற்று, மாஃப் அளந்த காற்றாக இருக்கவேண்டும். இப்போது பிசிவி வால்வு அந்தக் குட்டிப் பில்டர் வழியாக வெளிக்காற்றை இழுத்து, கணக்கில் வராமல் எஞ்சினுக்குள் விட்டுக்கொண்டிருந்தது. ஒரு முழ ரப்பர் குழாயும் இரண்டு கிளிப்பும் போட்டோம். குறியீட்டை அழித்து ஒரு கிழமை ஓடிய பிறகு ட்ரிம் கூட்டல் 3இல் வந்து நின்றது. இரண்டு சென்சருக்குக் கொடுத்த காசு போனதுதான்.

டர்போ காரில் கணக்கு கொஞ்சம் மாறும். டர்போவுக்கு முன்னால், மாஃபுக்குப் பின்னால் ஓட்டை என்றால் கலவையில் பெற்றோல் குறையும். டர்போவுக்குப் பின்னால் ஓட்டை என்றால், அளந்த காற்று அழுத்தத்தில் வெளியே போய்விடும், பெற்றோல் கூடிவிடும். இழுவை குறையும், டீசலில் கரும்புகை வரும், பி0299 என்று எழுதும். சீறும் சத்தம் கேட்டால் கிளிப்புகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள்.

மாஃப் அழுக்கு என்று சந்தேகித்தால் அதற்கென விற்கும் தெளிப்பானால் மட்டும் கழுவி, நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கள். பிரேக் தெளிப்பான் சிலவற்றைக் கரைத்துவிடும். கழுவிய பின், சூடேறிய எஞ்சினில், ஏசி நிறுத்தி, சும்மா நிற்கும்போது வாசிப்பானைப் பாருங்கள். 2 லீற்றர் எஞ்சினில் செக்கனுக்கு 2 முதல் 4 கிராம் வரை காட்டினால் பெரும்பாலும் சரி. ஓட்டை தேட, எரியும் தன்மையுள்ள தெளிப்பானைச் சூடான எஞ்சினில் அடிக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, வீட்டு முற்றத்தில் அதைச் செய்யவேண்டாம். கராஜில் புகை விட்டுப் பார்க்கும் கருவி இருக்கும், ஓட்டை இருக்கும் இடத்தில் புகை தானாக வெளியே வரும்.

இவ்வளவும் பார்த்தும் பிடிபடாவிட்டால், நிலவறையில் வைத்த பழைய பெட்டியை எடுத்துப் பூட்டுங்கள். அதனால்தான் அதை எறியவேண்டாம் என்பது. குறியீட்டை அழித்துச் சில நாட்கள் ஓடுங்கள். எண் வராவிட்டால் குறை புதுக் குழாயில். பழைய பெட்டியோடும் அதே எண் வந்தால், சனிக்கிழமை வேலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிளக், கொயில், பெற்றோல் அழுத்தம் என்று மெக்கானிக்கிடம் காட்டவேண்டிய நேரம் அது. போகும்போது ட்ரிம் எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், ஊகத்தில் பாகம் மாற்றவும் மாட்டார், தேடும் கூலியும் குறையும்.