எந்த மாதத்தில் எதைச் சமைப்பது? நம் மண்ணின் கீரை, காய், கிழங்கு

நம் நாட்டில் நான்கு பருவங்கள் கிடையாது. சந்தைக்குப் போனால் ஆண்டு முழுவதும் முட்டைக்கோஸும் கேரட்டும் கிடைக்கின்றன. அதனால் காய்கறிக்கும் பருவம் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். மழைக்காலத்தில் தக்காளி, மிளகாய் விலை ஏறும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது.

தோட்டத்தில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டிக்கு இது நன்றாகத் தெரியும். லயத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை, இரண்டு வாழை, வேலியோரம் மரவள்ளி. பால்வெட்டு முடிந்து வீடு திரும்பியதும் கொல்லையில் எது விளைந்திருக்கிறதோ அதுதான் அன்றைய கறி. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாறியபோது கொல்லை போனது. எதை எப்போது பறிப்பது, எப்படிச் சமைப்பது என்ற அறிவும் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. அதை ஒரே இடத்தில் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

*ஏன் பார்க்க வேண்டும்?*

சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நம் சமுதாயத்தில் அந்த விகிதம் இன்னும் அதிகம். அதே ஆய்வில், பெரியவர்களில் சுமார் 95 விழுக்காட்டினர் போதிய காய்கறி, பழம் சாப்பிடுவதில்லை என்றும் தெரியவந்தது.

'சுக்கு சுக்கு செப்பாரோ' என்ற அமைச்சின் தட்டு முறையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தட்டில் கால் பாகம் சோறு, கால் பாகம் மீன், கோழி அல்லது பருப்பு, மீதி அரைப் பாகம் காய்கறியும் பழமும். அரைத் தட்டுக் காய்கறி என்றால் செலவு அதிகமாகுமே என்று தயங்குகிறோம். அந்தந்தக் காலத்தில் அருகிலேயே விளைவதை வாங்கினால் அந்தத் தயக்கம் வேண்டியதில்லை.

*மாதவாரியாக*

நவம்பர் முதல் ஜனவரி வரை: வடகிழக்குப் பருவமழைக் காலம். கிழக்குக் கரையில் மீனவர்கள் கடலுக்குப் போவது குறையும். மீன் விலை ஏறும். கேமரன் மலையில் மழை வலுத்தால் தக்காளி, பீன்ஸ் வரத்தும் தடைப்படும். இந்த மாதங்களில் தாழ்நிலக் கீரைகளே கைகொடுக்கும். முளைக்கீரையும் கங்கோங்கும் விதைத்த 25 முதல் 30 நாளில் அறுவடைக்கு வருபவை. வெள்ளத்தில் ஒரு பாத்தி அழிந்தாலும் விரைவில் மறுபடி வந்துவிடும். மீனுக்குப் பதில் நெத்திலியும் பருப்பும் போதும்.

பிப்ரவரி, மார்ச்: வடக்கே கெடா, பெர்லிஸ் பக்கம் வறண்ட காலம். முருங்கைக்கு வெயில் பிடிக்கும். தொடர்மழையில் பூ உதிர்ந்துவிடும். வெயில் நீடித்தால் காய் நன்றாகப் பிடிக்கும்.

ஏப்ரல், மே: மாங்காய்க் காலம். பெர்லிஸின் ஹாருமானிஸ் சந்தைக்கு வருவதும் இப்போதுதான். சித்திரைப் புத்தாண்டுக்கு மாங்காய்ப் பச்சடி வைக்கும் வழக்கமும் இந்தக் காலத்தோடு ஒத்துப்போகிறது.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை: டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன், சம்படாக் குவியும். பலாச்சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் குப்பையில் போட வேண்டாம். அது ஒரு வேளைக் கறி.

செப்டம்பர், அக்டோபர்: புரட்டாசி விரதத்தால் பல வீடுகளில் சைவம். வாழைப்பூ, வாழைத்தண்டு, பூசணி, சுரைக்காய், பீர்க்கங்காய் ஆகியவை தாழ்நிலத்திலேயே விளைபவை. மலைக்காய்கறிகளை மட்டும் நம்பாமல் இவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

*மூன்று எளிய சமையல் (நால்வருக்கு)*

முருங்கைக்கீரை சொதி: 2 கோப்பை இரண்டாம் தேங்காய்ப்பாலில் 10 சின்ன வெங்காயம், 3 பச்சை மிளகாய், 2 பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள் போட்டு வேகவிடவும். வெங்காயம் வெந்ததும் இரண்டு பெரிய கைப்பிடி உருவிய கீரையைப் போட்டு, மூடாமல் 3, 4 நிமிடம் கொதிக்கவிடவும். உப்பும் 1 கோப்பை முதற்பாலும் சேர்த்து, பொங்கும் முன் அடுப்பை அணைக்கவும். எலுமிச்சைச் சாற்றைக் கடைசியில் பிழியவும். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் பால் திரியும். எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி, கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்த இரும்புச்சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிக்கவும்.

பலாக்கொட்டை கத்தரிக்காய்க் கறி: 15, 20 கொட்டைகளின் மேலுள்ள வெள்ளைத் தோலை உரித்து, இரண்டாக நறுக்கி, உப்பு நீரில் 20 நிமிடம் வேகவிடவும். ஒரு கைப்பிடி நெத்திலியைக் கழுவி, எண்ணெயில் பொரித்துத் தனியே எடுக்கவும். அதே எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம் தாளித்து, நறுக்கிய 3 கத்தரிக்காயை வதக்கவும். 2 தேக்கரண்டி கறித்தூள், நெல்லிக்காய் அளவு புளிக்கரைசல், வெந்த கொட்டை சேர்த்துக் கெட்டியாகும் வரை கொதிக்கவிட்டு, நெத்திலியைப் போட்டு இறக்கவும். புரட்டாசியில் நெத்திலியை விட்டுவிடலாம்.

மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ச் சம்பலும்: ஜப்பானியர் காலத்தில் அரிசி இல்லாதபோது நம்மவர்களைக் காப்பாற்றிய கிழங்கு இது. தோலை முழுவதும் சீவி, துண்டாக்கி, நிறைய நீரில் திறந்தே வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடவும். துருவிய தேங்காய், காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, சிறிது புளி ஆகியவற்றைக் கரகரப்பாக அரைத்துத் தொட்டுக்கொள்ளவும்.

*கவனிக்க வேண்டியவை*

மரவள்ளியில் இயற்கையாகவே சயனைடு உண்டாக்கும் பொருள் உண்டு. கசக்கும் கிழங்கையும் அரைவேக்காட்டுக் கிழங்கையும் சாப்பிடக் கூடாது.

செக்கோர் மானிஸ் கீரையை (தமிழில் தவசிக்கீரை) முட்டை உடைத்து ஊற்றிப் பிரட்டினால் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள். ஆனால் உடல் இளைக்கும் என்று அதைப் பச்சையாகச் சாறு பிழிந்து குடிக்கக் கூடாது. 1990-களின் நடுவில் தைவானில் அப்படித் தொடர்ந்து குடித்த பலருக்கு நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. கீரையை வேகவைத்து, அளவோடு உண்ண வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் மரவள்ளியையும் பலாக்கொட்டையையும் காய்கறிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இரண்டும் மாவுச்சத்து, சோற்றின் இடத்தில்தான் அவற்றை வைக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களும் கீரையின் அளவைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

*வாங்குவதும் வைப்பதும்*

வெண்டைக்காயின் நுனி சட்டென்று ஒடிய வேண்டும். மரவள்ளியை உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும். நீலக்கறுப்புக் கோடு தெரிந்தால் அது பழைய கிழங்கு. தோண்டிய இரண்டு மூன்று நாளிலேயே கெடத் தொடங்கும் என்பதால் வாங்கிய அன்றே சமைப்பது நல்லது.

கீரையைக் கழுவாமல் செய்தித்தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் ஓரிரு நாள் தாங்கும். சமைக்கும் முன் அகன்ற பாத்திரத்தில் நீர் நிறைத்து, கீரையை அலசி மேலே தூக்கி எடுக்கவும். மண் அடியில் தங்கிவிடும். மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு, பிறகே நறுக்கவும்.

ஃபாமாவின் பாசார் தானி சந்தைகளில் உள்ளூர் விளைச்சல் கிடைக்கும். காலையிலேயே போனால் நல்ல கட்டாகப் பார்த்து எடுக்கலாம்.

*மாடி வீட்டிலும் ஒரு கொல்லை*

செக்கோர் மானிஸ் கிளையைப் பென்சில் தடிப்பில் வெட்டித் தொட்டியில் ஊன்றினால் துளிர்க்கும். முருங்கைக் கிளையும் அப்படியே; இலைக்காக மட்டும் என்றால் உயரவிடாமல் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருக்கலாம். வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள்; ஏடிஸ் கொசு முட்டையிடும்.

உங்கள் வீட்டில் தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் யாரேனும் இருந்தால், கொல்லையில் என்ன வைத்திருந்தீர்கள், எப்படிச் சமைத்தீர்கள் என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். எழுதி வைத்தால் அடுத்த தலைமுறைக்கும் அது கிடைக்கும்.