சேப்பாக்கம் இல்லாத சென்னை அணி: 2020 வளைகுடாப் பருவத்தின் கணக்கு

இந்த மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு தோல்வியின் வரலாறு. வெற்றிகளைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். தோற்ற ஆண்டின் கணக்கைத் திறந்து பார்ப்பது என் போன்ற கணக்காளர்களின் வேலை.

2020ஆம் ஆண்டு சென்னை சூப்பர் கிங்ஸ் அணி தன் முழுப் பருவத்தையும் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆடியது. அதற்கு முன் தான் பங்கெடுத்த 10 ஐ.பி.எல். பருவங்களிலும் லீக் சுற்றைத் தாண்டி முன்னேறிய அணி அது. அந்த ஆண்டுதான் முதன்முறையாக முன்னேறாமல், எட்டு அணிகளில் ஏழாவதாக வந்தது. ஏன்?

முதலில் இடத்தைப் பார்ப்போம். பாலைவனத்துக்குக் கிரிக்கெட் நேற்று வந்ததல்ல. அப்துல் ரகுமான் புகாதிர் என்ற வணிகரின் முயற்சியால் 1981இல் சார்ஜாவில் கவாஸ்கர் அணியும் மியாண்டாட் அணியும் மோதின. 1984இல் முதலாவது ஆசியக் கிண்ணப் போட்டி அங்கேதான் நடந்தது. 2000 ஒக்டோபரில் நம் முத்தையா முரளிதரன் 30 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை இந்தியாவிடமிருந்து பறித்ததும், இரண்டு நாள் கழித்து இந்தியா 54 ஓட்டங்களுக்குள் சுருண்டதும் அதே சார்ஜாவில். தொண்ணூறுகளில் அங்கு ஒரு கடையில் கணக்கெழுதிய காலத்தில், வெள்ளிக்கிழமை என்றால் நண்பர்களோடு அந்த மைதானத்தின் மலிவான வரிசையில் இருப்பேன். யாழ்ப்பாணத்தான், மலையாளி, பஞ்சாபி, பட்டாணி எல்லோரும் ஒரே வெயிலில் காய்ந்தோம். பின்னர் அபுதாபி ஷேக் சாயித் மைதானம் 2004இலும், டுபாய் மைதானம் 2009இலும் வந்தன. 2014இல் இந்தியத் தேர்தலை முன்னிட்டு ஐ.பி.எல். தொடரின் முதல் 20 ஆட்டங்கள் இந்த மூன்று இடங்களிலும் நடந்தன.

சொந்த மைதானத்தை விட்டு வெளியேறுவது சென்னை அணிக்கும் புதிதல்ல. 2018இல் காவிரிப் போராட்டம் காரணமாகச் சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டத்தோடு அணி புனேக்கு இடம்பெயர்ந்தது. ரசிகர்கள் தனி ரயிலில் பின்னாலேயே போனார்கள். அந்த ஆண்டு கிண்ணமும் கிடைத்தது. அதற்கு முன் 2013இல், இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடுவதில்லை என்று முடிவானபோது, சென்னைக்காக ஆடிப் பின் பெங்களூர் அணிக்குப் போயிருந்த முரளிதரனும் அந்த மைதானத்துக்கு வெளியே நின்றார். நம் மக்களின் துயரத்தை முன்னிட்டு எடுத்த முடிவு, நம்மவர் ஒருவரையும் வெளியே நிறுத்தியது. இதையும் வரலாற்றில் குறித்து வைக்கத்தான் வேண்டும்.

இனி 2020. மே மாதத்திலிருந்து 'வந்தே பாரத்' விமானங்களில் வேலை இழந்தவர்களும் நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டுபாயிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஓகஸ்ட் 21இல் எதிர்த்திசையில் சென்னை அணி வந்து இறங்கியது. தனிமைப்படுத்தலின்போதே இரு வீரர்கள் உட்பட 13 பேருக்குத் தொற்று. சுரேஷ் ரெய்னா நாடு திரும்பினார். ஹர்பஜன் சிங் வரவேயில்லை. அணித்தலைவர் டோனி சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலகிச் சில நாட்களே ஆகியிருந்தன.

செப்டெம்பர் 19 அன்று அபுதாபியில் முதல் ஆட்டம். ராயுடு 71 ஓட்டங்கள் எடுக்க, மும்பையை 5 விக்கெட்டுகளால் வென்றார்கள். அடுத்த மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. ஒக்டோபர் 4இல் பஞ்சாப்பை வட்சனும் டு பிளெசியும் விக்கெட் இழப்பின்றி வென்றபோது, பழைய அணி திரும்பிவிட்டது என்று பலர் நினைத்தார்கள். திரும்பவில்லை. ஒக்டோபர் 23இல் சார்ஜாவில் மும்பைக்கு எதிராக 43 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள் போயின. அன்று கிடைத்தது சென்னை அணியின் வரலாற்றில் முதலாவது 10 விக்கெட் தோல்வி.

மைதான வாரியாகப் பேரேட்டில் எழுதிப் பாருங்கள். டுபாயில் 7 ஆட்டங்களில் 4 வெற்றி. அபுதாபியில் 4இல் 2. சார்ஜாவில் 3இல் ஒன்றுமில்லை. மொத்தம் 14இல் 6. அதற்கு முந்திய 2019இல் லீக் சுற்றில் சேப்பாக்கத்தில் மட்டும் 7 ஆட்டங்களில் 6 வெற்றி! அந்த மந்தமான ஆடுகளத்துக்கென்றே சுழற்பந்து வீச்சாளர்களையும், வயதில் மூத்த, நிதானமான துடுப்பாட்ட வீரர்களையும் சேர்த்து வைத்த அணி அது. 2019இல் தொடரிலேயே அதிக விக்கெட் எடுத்த இம்ரான் தாகிருக்கு 2020இல் மூன்று ஆட்டங்களில் மட்டுமே இடம் கிடைத்தது. மற்ற ஆட்டங்களில் அவர் தண்ணீர் போத்தல் தூக்கினார்.

'வீடு இழந்ததால் தோற்றார்கள்' என்று முடித்துவிடலாமா? முடியாது. அந்த ஆண்டு எல்லா அணிகளும் வீடு இழந்துதான் ஆடின. மும்பை கிண்ணத்தையே கொண்டுபோனது. வீட்டை இழந்தது எல்லோருக்கும் பொதுவான செலவு. வீட்டை நம்பியே எல்லாவற்றையும் அமைத்து வைத்தது சென்னைக்கு மட்டும் வந்த தனிச் செலவு.

ஆனால் அந்த ஐந்தொகையில் ஒரு சொத்தும் இருந்தது. தொற்றால் வாரக்கணக்கில் ஒரு ஹோட்டல் அறையில் கிடந்த ருதுராஜ் கெய்க்வாட் என்ற இளைஞர் கடைசி மூன்று ஆட்டங்களிலும் அரைச்சதம் அடித்தார். மூன்றிலும் வெற்றி. முன்னேறும் வாய்ப்பு நடைமுறையில் முடிந்த பிறகு வந்த வெற்றிகள் என்பதால் அவற்றைப் பலர் கணக்கில் எடுக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 2021 மேயில், இந்தியாவில் தொடர் இடைநிறுத்தப்பட்டு, செப்டெம்பரில் மீண்டும் அமீரகத்துக்கே வந்தது. அதே மூன்று மைதானங்கள். பெரும்பாலும் அதே முகங்கள். மொயின் அலி போன்ற சிலர் புதியவர்கள். முந்திய ஆண்டு நம்பிக்கை அடங்கிய அதே சார்ஜாவில் ஆடிய இரண்டு ஆட்டங்களிலும் வெற்றி. செப்டெம்பர் 30 அன்று அங்கேயே முதல் அணியாக அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றார்கள். ஒக்டோபர் 15இல் டுபாயில் கொல்கத்தாவை 27 ஓட்டங்களால் வென்று நான்காவது கிண்ணம். 635 ஓட்டங்களோடு தொடரில் முதலிடம் அதே கெய்க்வாட்டுக்கு.

ஒலிபரப்பாளன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். 2020இல் அரங்குகள் வெறுமையாக இருந்தன. தொலைக்காட்சியில் கேட்ட ஆரவாரம் முன்பே பதிவுசெய்தது. சோனாப்பூர் குடியிருப்பில் இருந்த தமிழ்த் தொழிலாளிக்கு மைதானம் அதே ஊரில்தான், ஆனால் அவரும் சென்னையில் இருப்பவர்போலக் கைபேசித் திரையில்தான் பார்த்தார். 2021இல்தான் ஓரளவு பார்வையாளர்களை உள்ளே விட்டார்கள். அந்த இறுதி ஆட்டத்தில் கேட்ட விசில் உண்மையான விசில்.

புதிய நாட்டில் முதல் ஆண்டு எப்படி இருக்கும் என்று நம் குடும்பங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஊரில் பலமாக இருந்தது இங்கே செல்லாக்காசாகும். படித்த படிப்பும் செய்த தொழிலும் தண்ணீர் போத்தல் தூக்கும். பிள்ளைகளிடம் இந்த அணியின் கதையைச் சொல்லும்போது 2021ஐ மட்டும் சொல்லாதீர்கள். 2020ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள். கடைசி மூன்று ஆட்டங்களை மறக்காமல் சொல்லுங்கள்.